போனில் நெட் வருகிறது, லேப்டாப்பில் மட்டும் வைஃபை கிடைக்கவில்லை. ஃபார்மேட் அடித்தால்தான் சரியாகுமா?

வேண்டாம், அவசரப்பட்டு ஃபார்மேட் அடிக்கக் கொடுத்துவிடாதீர்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் ஊர்ப் பக்கம் வீடு, புதிதாகப் போட்ட ஃபைபர் இணைப்பு, தங்கை படிக்க வைத்திருக்கும் பழைய லேப்டாப் என்று எழுதியிருக்கிறீர்கள். தக்கலையில் எங்கள் தெருவிலும் இதே பிரச்சினையோடு யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். பெரும்பாலும் விண்டோஸைத் தொடாமலே தீர்ந்துவிடும்.

முதலில் போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, வைஃபையில் மட்டும் நெட் வருகிறதா என்று பாருங்கள். டேட்டாவில் ஓடுவதைப் பார்த்துவிட்டு வைஃபை நன்றாக இருக்கிறது என்று நம்பிவிடுவோம். மோடத்தில் எல்ஓஎஸ் (LOS) என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிந்தால் ஃபைபர் லைனில்தான் கோளாறு. இணைப்புக் கொடுத்தவர்களைக் கூப்பிடுவதைத் தவிர வழியில்லை.

போனில் வைஃபை சரியாக வந்தால், லேப்டாப் எந்த இடத்தில் தட்டுகிறது என்று கவனியுங்கள். உங்கள் வைஃபை பெயரே பட்டியலில் வரவில்லையா? பெயர் வந்தும் இணைய மறுக்கிறதா? இணைந்த பிறகும் நெட் இல்லை என்கிறதா? மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

பக்கத்து வீட்டுப் பெயரெல்லாம் தெரிந்து உங்களுடையது மட்டும் தெரியவில்லை என்றால், எனக்கு முதலில் சந்தேகம் வருவது 5 கிகாஹெர்ட்ஸ் மேல்தான். புது ரவுட்டர்கள் 2.4, 5 என்று இரண்டு அலைவரிசையில் வேலை செய்யும். பழைய லேப்டாப்கள் பலவற்றுக்கு 2.4 மட்டும்தான் தெரியும். 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் ஆரம்ப வருடங்களில் கிடைத்தது உங்களுடையது என்றால், இதை முதலில் பாருங்கள். ஸ்டார்ட் மெனுவில் cmd என்று தேடினால் கமாண்ட் ப்ராம்ப்ட் என்ற கறுப்புத் திரை திறக்கும். அதில் 'netsh wlan show drivers' என்று அடித்தால், லேப்டாப்பின் வைஃபை கார்டு எந்தெந்த 802.11 வகை வைஃபையை ஏற்கும் என்று ஒரு வரி வரும். அதில் பி, ஜி, என் (b, g, n) மட்டும் இருந்து ஏ, ஏசி (a, ac) இல்லையென்றால் அது 2.4 கார்டு. ரவுட்டர் செட்டிங்கில் 2.4-ஐ ஆன் செய்து, அதற்குத் தனிப் பெயர் கொடுங்கள். நம் பக்கத்து வெட்டுக்கல் சுவர்களுக்கும் 2.4 தான் உகந்தது; 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் இரண்டு சுவர் தாண்டுவதற்குள் தளர்ந்துவிடும்.

ரவுட்டர் பக்கத்தில் போனால் மட்டும் சிக்னல் வந்து, அடுத்த அறைக்குப் போனால் காணாமல் போகிறதா? பின்மூடியைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். வைஃபை கார்டின் மேல் கறுப்பும் வெள்ளையுமாக மெல்லிய ஆன்டெனா ஒயர்கள் இருக்கும், நுனியில் கடுகளவு பித்தளைக் குமிழ். அது கழன்றிருந்தால் நேராக வைத்து விரலால் அழுத்த வேண்டும், 'டக்'கென்று உட்காரும். குளச்சல், முட்டம் மாதிரிக் கடலோரத்தில் உப்புக்காற்று இந்த மாதிரி இணைப்புகளைக் கெடுத்துவிடும், அதையும் கவனிக்கச் சொல்லுங்கள்.

பெயர் தெரிந்து, பாஸ்வேர்டும் சரியாக இருந்து இணையவில்லை என்றால், அந்த நெட்வொர்க்கை 'ஃபர்கெட்' கொடுத்துவிட்டு மறுபடி சேருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் ரவுட்டரில் பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 (WPA3) என்று இருக்கிறதா பாருங்கள். பழைய கார்டுகளுக்கு அது புரியாது, டபிள்யூபிஏ2 என்று மாற்றுங்கள்.

இணைந்தும் நெட் இல்லையென்றால் அதே கமாண்ட் ப்ராம்ப்டில் 'ipconfig' அடித்துப் பாருங்கள். ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் லேப்டாப்புக்கு முகவரியே கொடுக்கவில்லை என்று அர்த்தம். ரவுட்டரை அணைத்து ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள், லேப்டாப்பையும் ரீஸ்டார்ட் செய்யுங்கள். முகவரி 192.168 என்று ஒழுங்காக இருந்து எந்தத் தளமும் திறக்கவில்லை என்றால், தளத்தின் பெயரை வைத்து அதன் முகவரியைத் தேடித் தரும் டிஎன்எஸ்ஸை (DNS) வைஃபை செட்டிங்கில் 8.8.8.8 என்று மாற்றிப் பார்க்கலாம். கீழே மூலையில் தேதியையும் பாருங்கள். உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்த லேப்டாப்பில் தேதி பல வருடம் பின்னே போய்விடும். தேதி தப்பாக இருந்தால் பாதுகாப்பான தளங்கள் திறக்காது.

வைஃபை கார்டை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருள் போயிருக்குமோ என்று தோன்றினால், ஆண்ட்ராய்டு போனைக் கேபிளில் லேப்டாப்போடு இணைத்து போன் செட்டிங்கில் யுஎஸ்பி டெதரிங் ஆன் செய்யுங்கள். போனுக்கு வரும் நெட் அப்படியே லேப்டாப்புக்கு வரும், தேவையான டிரைவரை அதிலேயே இறக்கிக்கொள்ளலாம். தங்கைக்கு நாளைக்கே வகுப்பு என்றால் அன்றைக்கு இந்த வழி போதும்.

கார்டே செத்திருந்தாலும் லேப்டாப்பை மாற்ற வேண்டாம். யுஎஸ்பி ஓட்டையில் செருகி வைஃபை பிடிக்கும் சின்ன டாங்கிள் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ கம்ப்யூட்டர் கடையில் கேளுங்கள், உங்கள் விண்டோஸ் எந்த வெர்ஷன் என்று சொல்லி வாங்குங்கள்.