நெருங்கியவரை இழந்த பிறகு, வீட்டில் வரையும் அறையை எப்படி மாற்றி அமைப்பது? பழைய ஊக்கம் திரும்புமா?

அம்மா காலமான பிறகு வரையும் அறைக்குள் நுழையவே மனம் வரவில்லை, அறையை அடியோடு மாற்றினால் ஊக்கம் திரும்புமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாற்றுங்கள். ஆனால் அம்மாவின் பொருள்களில் கை வைத்துத் தொடங்காதீர்கள். வெளிச்சத்தில் இருந்து தொடங்குங்கள். அறை தயாரானதும் வரைய உட்காராதீர்கள். யோசனையே தேவைப்படாத கைவேலை எதையாவது முதலில் செய்யுங்கள்.

நான் கும்பகோணத்தில் வீட்டிலேயே தஞ்சாவூர் ஓவியம் செய்கிறேன். தொழில் கற்றுக்கொடுத்தது அக்கா. ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து வேலை பார்ப்போம். பலகை தயாரிப்பது, கல் பதிப்பது, தங்க ரேக் என்கிற மெல்லிய தங்கத் தகடு ஒட்டுவது எல்லாம் என் பங்கு. முகம் எழுதுவதும் கண் திறப்பதும் அக்காவின் பங்கு. அக்கா நோயில் போனபோது நவநீத கிருஷ்ணன் ஒன்று பாதியில் நின்றது. கல்லும் தங்கமும் முடிந்து, உடலுக்கு நிறமும் கொடுத்தாகிவிட்டது. முகம் மட்டும் வெறுமையாக இருந்தது.

காரியம் முடிந்த கையோடு வீட்டுக்கு வந்தவர்கள் இரண்டு விதமாகச் சொன்னார்கள். அறையைக் கொஞ்ச நாள் பூட்டி வை என்றார்கள் சிலர். அக்காவின் சாமான்களை யாருக்காவது கொடுத்துவிடு, பார்க்கப் பார்க்க வேதனைதான் என்றார்கள் மற்றவர்கள். இரண்டையும் நான் செய்யவில்லை. பூட்டிய அறையைத் திறக்க நாளாக ஆக பயம்தான் கூடும். கொடுத்துவிட்ட பொருளோ திரும்பி வராது.

நான் முதலில் செய்தது மேசையைத் திருப்பியதுதான். எதிர்ப்பக்க நாற்காலி இருந்த இடத்தைப் பார்த்தபடி உட்கார என்னால் முடியவில்லை. மேசையைச் சுவரோரம் தள்ளி, ஜன்னல் இடப்பக்கம் வரும்படி போட்டேன். வலக்கையால் எழுதுபவருக்கு வெளிச்சம் இடப்பக்கம் இருந்து வந்தால் கையின் நிழல் கோட்டின் மேல் விழாது. நீங்கள் இடக்கைக்காரர் என்றால் மாற்றிப் போடுங்கள். ஐரோப்பிய ஓவியர்கள் நேர் வெயில் படாத வடக்கு ஜன்னலையே விரும்புவார்கள். நம் ஊருக்கு அது முழுசாகப் பொருந்தாது. தஞ்சாவூர்ப் பக்கம் ஏப்ரல் நடுவில் இருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கேதான் நிற்கும். அந்த மாதங்களில் வடக்கு ஜன்னலுக்கும் மெல்லிய வெள்ளைத் திரை வேண்டும். இரவு வேலைக்குப் பல்பு வாங்கும்போது, நிறங்களை எவ்வளவு உள்ளபடி காட்டும் என்பதைச் சொல்லும் சி.ஆர்.ஐ. எண் 90-க்கு மேல் இருக்கிறதா என்று அட்டையில் பாருங்கள். சாதாரண பல்பில் சிவப்பு மங்கித் தெரியும். காலையில் பார்த்தால் வேறு நிறமாக இருக்கும்.

அம்மாவின் படத்தை மேசைக்கு நேர் எதிரே மாட்ட வேண்டாம் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். நிமிரும்போதெல்லாம் அந்த முகத்தைச் சந்தித்துக்கொண்டே ஒரு கோடும் இழுக்க முடியாது. உள்ளே நுழையும்போது பார்க்கிற மாதிரி வாசல் பக்கச் சுவரில் மாட்டுங்கள். அவருடைய பொருள்களில் பயன்படக்கூடிய ஒன்றை மட்டும் வேலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். அக்காவின் கத்தரியால்தான் இன்றும் நான் ரேக் வெட்டுகிறேன். அதைக் கண்ணாடி அலமாரியில் வைக்க எனக்குச் சம்மதமில்லை. மற்றவை ஒரு பெட்டியில் இருக்கின்றன. எப்போது திறப்பது என்று நாள் குறிக்கவில்லை.

இனி வேலை. தஞ்சாவூர் ஓவியத்தில் கற்பனைக்கு இடமே இல்லாத ஒரு கட்டம் உண்டு. பலகை தயாரிப்பதுதான் அது. பிளைவுட்டின் மேல் துணியைச் சுருக்கமில்லாமல் ஒட்ட வேண்டும். காய்ந்ததும் சாக்பவுடரையும் பசையையும் தோசை மாவுப் பதத்தில் குழைத்துப் பூச வேண்டும். காயவிட்டு மறுபடி பூச வேண்டும். பிறகு உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். தேய்க்கத் தேய்க்க வெள்ளைத் தூள் புறங்கை முடியில் எல்லாம் படியும். உள்ளங்கையால் தடவிப் பார்த்தால் எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று தெரிந்துவிடும். மேடு தெரிந்த இடத்தில் மறுபடி தேய்க்க வேண்டும். நல்லதா கெட்டதா, அழகா இல்லையா என்ற கேள்வியே இதில் எழாது. ஆர்டர் எதுவும் இல்லாமலேயே பலகை பலகையாகத் தயாரித்துச் சுவரில் சாய்த்துவைத்தேன். அழுகை வந்தபோதும் கை தேய்த்துக்கொண்டிருந்தது. இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு நாள் காய்ந்த பலகையில் பென்சிலால் ஒரு திருவாசி, அதாவது சாமிக்குப் பின்னால் வரும் வளைவு, போட்டுப் பார்த்தேன். அதற்கென்று உட்காரவில்லை, தானாக வந்தது.

உங்கள் கலை எதுவானாலும் இப்படி ஓர் அடிமட்ட வேலை இருக்கும். தாள் வெட்டுவது, நிறங்களின் மாதிரி அட்டை போடுவது, பழைய கோப்புகளைப் பெயரிட்டு அடுக்குவது என்று எதுவாகவும் இருக்கலாம். அதில் இருந்து தொடங்குங்கள்.

ஒரு நாள் நன்றாக வேலை ஓடி, மறுநாள் அறைப் பக்கமே போகப் பிடிக்காமல் இருந்தால் பின்வாங்கிவிட்டதாக எண்ண வேண்டாம். மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஸ்கட் என்ற உளவியல் ஆய்வாளர்கள் 1999-ல் வெளியிட்ட கோட்பாடு எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. துக்கத்தில் இருப்பவர் இழப்பின் பக்கமும் அன்றாட வாழ்வின் பக்கமும் மாறி மாறிப் போய்வருவதே இயல்பு என்கிறார்கள் அவர்கள்.

பிரான்சின் ஓவியர் க்ளோத் மோனேயின் வாழ்க்கையையும் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். 1911-ல் மனைவி ஆலிஸ் இறந்தார். 1914 தொடக்கத்தில் மூத்த மகன் ஜானும் இறந்தார். இடையில் கண்ணில் புரை வேறு. ஏறக்குறைய வரைவதையே விட்டிருந்தவர், நண்பரான அரசியல் தலைவர் க்ளெமான்சோ தூண்ட, எழுபத்து மூன்று வயதில் அல்லிக்குளத்தைப் பிரம்மாண்டமான அளவில் வரையத் துணிந்தார். அதற்காகவே ஜிவெர்னி வீட்டுத் தோட்டத்தில், கூரை வழியே வெளிச்சம் விழும்படி ஒரு பெரிய ஓவியக்கூடம் கட்டிக்கொண்டார். 1926-ல் இறக்கும்வரை அந்த ஓவியங்களை விடவில்லை. நம்மால் கூடம் கட்ட முடியாது, மேசையைத் திருப்ப முடியும்.

அந்தக் கிருஷ்ணனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முகத்தை நான்தான் எழுதினேன். அக்காவின் கண் நீண்டு, ஓரத்தில் லேசாக மேலேறி முடியும். அதைப் போலவே எழுத நான் முயலவில்லை. என் கைக்கு வருகிற வட்டக் கண்ணையே எழுதினேன். படம் கேட்டிருந்த அம்மாளிடம், இது இரண்டு பேர் கை வேலை என்று சொல்லித்தான் கொடுத்தேன். மறுக்காமல் வாங்கிக்கொண்டார். அம்மாவோடு சேர்ந்து தொடங்கிய வேலை ஏதாவது உங்களிடம் இருந்தால், அவரைப் போலவே முடிக்க வேண்டும் என்று உங்களை வருத்திக்கொள்ளாதீர்கள்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். மாதக்கணக்கில் தூக்கம், சாப்பாடு எதுவும் சரியில்லை, வாழவே பிடிக்கவில்லை என்றால் அறையை மாற்றுவது போதாது. அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். தயங்காமல் கூப்பிடுங்கள்.

ஆர்டர்களைப் பொறுத்தவரை, முதல் சில வேலைகளுக்குத் தேதி சொல்லாதீர்கள், முன்பணமும் வாங்காதீர்கள். காத்திருக்கச் சம்மதிப்பவர்களின் வேலையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் அறையின் நீள அகலத்தையும் ஜன்னல் எந்தத் திசையில் இருக்கிறது என்பதையும் எழுதினால், மேசையை எங்கே போடலாம் என்று எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.