சர்வர்களைக் கூட்டியும் வேகம் கூடவில்லை என்றால்

கேள்வி: எங்கள் சேவை பல சர்வர்களில் பரவி இயங்குகிறது. பதில் நேரம் நீண்டால் சர்வர்கள் தானாகச் சேரும்படி அமைத்திருக்கிறோம். நெரிசலின்போது 20 சர்வர்கள் 40 ஆகின்றன. ஆனால் பதில் நேரம் மேலும் மோசமாகிறது. சற்று நேரத்தில் எண்ணிக்கை இறங்கி, மறுபடியும் ஏறுகிறது. இத்தனைக்கும் சிபியு (மையச் செயலி) பயன்பாடு 40 சதவீதத்தைத் தாண்டுவதே இல்லை. தவறு எங்கே?

பதில்: உங்கள் கேள்வியின் கடைசி விவரத்திலேயே துப்பு இருக்கிறது. சிபியு ஓய்வாக இருந்தும் பதில் தாமதமாகிறது என்றால், சர்வர்கள் வேறு எதற்காகவோ காத்து நிற்கின்றன. பெரும்பாலும் அது, அவை அனைத்தும் பகிர்ந்துகொள்ளும் தரவுத்தளமாகவே இருக்கும். ஒரு சர்வர் 30 இணைப்புகளைத் திறந்து வைக்கிறது என்று கொள்வோம். 20 சர்வர்கள் இருந்தபோது 600 ஆக இருந்த இணைப்புகள், 40 சர்வர்கள் ஆனதும் 1,200 ஆகிவிடுகின்றன. ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தின் தலையில், உதவிக்கு வந்த தானியங்கி அமைப்பே இன்னொரு மடங்கு சுமையை ஏற்றுகிறது.

நெரிசலான இடத்திலேயே மேலும் சுமை ஏறும் இதே சிக்கலை இணையம் 1986இலேயே சந்தித்தது. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் கூப்பிடு தூரத்தில் இருந்த பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே, வினாடிக்கு 32,000 பிட்டுகளாக இருந்த வேகம் 40 பிட்டுகளாகச் சரிந்தது. அதை ஆராய்ந்து கணினி வலையமைப்பு ஆய்வாளர் வான் ஜேக்கப்சன் 1988இல் வெளியிட்ட கட்டுரையில் உள்ள வழி இன்றும் பொருந்துகிறது: பாதை சீராக இருக்கும்வரை சிறிது சிறிதாகக் கூட்டு, நெரிசல் தென்பட்டதும் பாதியாகக் குறை. ஒவ்வொரு சர்வரும் தரவுத்தளத்துக்கு ஒரே நேரத்தில் அனுப்பும் கோரிக்கைகளின் உச்சவரம்பை இந்த விதிப்படி தானே மாற்றிக்கொள்ளச் செய்யுங்கள். வரம்பை மீறி வருபவற்றை வரிசையில் நிறுத்தாமல் உடனே திருப்பி அனுப்புவது கடுமையாகத் தோன்றலாம். ஆனால் எல்லோரையும் காக்க வைத்து எல்லோரையும் இழப்பதைவிட அது மேல் என்பது என் உறுதியான கருத்து.

எண்ணிக்கை ஊஞ்சலாடுவதற்குக் காரணம் வேறு. புதிய சர்வர் எழுந்து, அடிக்கடி தேவைப்படும் தரவை வைத்திருக்கும் அதன் கேஷ் நிரம்பிப் பயன்பாட்டுக்கு வரச் சில நிமிடங்கள் ஆகலாம். அதற்குள் அமைப்பு பழைய அளவீட்டை நம்பி மேலும் சேர்த்துக்கொண்டே போகும். சேவைகளைப் பல சர்வர்களில் இயக்கி நிர்வகிக்கும் மென்பொருளான குபெர்நெட்டிஸின் இயல்பான அமைப்பு 15 வினாடிக்கு ஒருமுறை அளவைப் பார்த்தாலும், எண்ணிக்கையைக் குறைக்கும்முன் கடந்த 300 வினாடிகளின் கணிப்புகளைக் கருத்தில் கொள்வது இத்தகைய ஆட்டத்தை அடக்கத்தான். உங்கள் சர்வர் தயாராக எடுக்கும் நேரத்தை அளந்து, இரண்டு முடிவுகளுக்கிடையே அதைவிட நீண்ட இடைவெளி விடுங்கள்.

மறுமுயற்சிகளையும் கவனியுங்கள்: ஒன்றையொன்று அழைக்கும் மூன்று மென்பொருள் அடுக்குகள் தலா மூன்று முறை முயன்றால், தோல்வியுறும் ஒரு கோரிக்கை அடித்தளத்தில் 27 கோரிக்கைகளாகிவிடும். மறுமுயற்சியை ஒரே அடுக்கில் மட்டும் வையுங்கள்.

இவற்றில் கை வைக்கும்முன், அடுத்த நெரிசலில் சர்வர் எண்ணிக்கையை 20லேயே நிறுத்தி, தரவுத்தள இணைப்புக்காகக் காத்திருக்கும் நேரத்தைத் தனியாக அளந்து பாருங்கள். 40 சர்வர்கள் இருந்தபோது வினாடிக்கு முடிந்த அதே அளவு கோரிக்கைகள் இப்போதும் முடிந்தால், கூடுதலாகச் சேர்ந்த 20 சர்வர்களும் வரிசையை நீட்டியதைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை என்பது உறுதியாகிவிடும்.