வற்றாப்பளைப் பொங்கல்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கொழும்பில் வேலை. லீவு போட வற்றாப்பளைப் பொங்கல் திகதியை எப்படிக் கணிப்பது?

பதில்: முல்லைத்தீவு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கல் வைகாசி விசாகத்தை ஒட்டிவரும் திங்கட்கிழமை. கலண்டரை மட்டும் நம்பாமல் கோயிலார் அறிவிக்கும் திகதியையே எடுங்கள். அதற்கு இரண்டு வாரம் முந்திய திங்கள் பாக்குத்தெண்டல், அதாவது பொங்கலுக்குப் பாக்குக் கேட்டு வாங்கும் சடங்கு. ஒரு வாரம் முந்திய திங்கள் சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் அந்த உப்புநீரில் விளக்கெரிப்பார்கள். ஞாயிறு அங்கே பொங்கல், மறுநாள் அம்மனுக்கு. ஞாயிறே முள்ளியவளைக்கு வந்துவிட்டால் விளக்கையும் கும்பிடலாம். பொங்கல் இரவிரவாக நீளும். செவ்வாயும் லீவு போடுங்கள்.

கேள்வி: பிள்ளைக்கு அம்மாள் வருத்தம் (அம்மை நோய்) வந்தபோது பொங்குவதாக நேர்ந்தோம். போனமுறை புதுப்பானை அடுப்பிலேயே வெடித்தது, அரிசியும் வேகவில்லை. நேர்த்தியில் குறையா?

பதில்: நேர்த்திக்கு ஒரு குறையும் இல்லை. பானையைப் பழக்காமல் ஏற்றியிருப்பீர்கள். முதல்நாளே பானை நிறையத் தண்ணீர் விட்டு இரவு முழுக்க வையுங்கள். கசிவிருந்தால் அப்போதே தெரிந்துவிடும். அடுப்புக்கல் மூன்றையும் ஆடாமல் புதைத்து, முதல் பத்து நிமிடம் தென்னோலை, பொச்சுமட்டையில் (தேங்காய் மட்டையில்) சிறுநெருப்பு எரியுங்கள். பாலை விறகு பிறகுதான். அதன் தணல் பொல்லாதது. கொதிக்கிற பானைக்குள் பச்சைத்தண்ணீர் விட்டாலும் வெடிக்கும்.

ஒரு கிலோ சிவப்புப் பச்சையரிசிக்குக் கால் கிலோ வறுத்த பயறு, முக்கால் கிலோ சர்க்கரை, இரண்டு தேங்காய் போதும். பொங்கி வழியவேண்டுமென்று பானையைத் தண்ணீரால் நிறைப்பது வழக்கம். வழிந்ததும் அதில் இரண்டு செம்பு முகந்து ஒரு கேத்தலில் சூடாக வைத்துவிட்டு அரிசி, பயறைப் போடுங்கள். இறுகும்போது அதையே விடலாம். அரிசி விரலில் நசியும் முன் சர்க்கரை போட்டால் வேக்காடு அதோடு நின்றுவிடும். பலருக்கும் பிழைப்பது இங்கேதான். தேங்காயின் முதற்பாலைக் கடைசியில் விட்டு, ஒரு கொதியில் இறக்குங்கள். நீளக் கொதித்தால் திரிந்துவிடும்.

கேள்வி: மகளுக்கு இப்போதுதான் கொப்புளிப்பான் (சின்னம்மை) போட்டிருக்கிறது. பாற்செம்பு (அம்மனுக்குச் செம்பில் பால்) எடுப்பதாக நேர்ந்திருக்கிறோம். இந்தப் பொங்கலுக்கே கூட்டிப்போகலாமா?

பதில்: கொப்புளம் எல்லாம் காய்ந்து பொருக்கு விட்டிருந்தால் போகலாம்; பெரும்பாலும் ஒரு வாரத்தில் காயும். ஒரு புதுக்கொப்புளம் இருந்தாலும் வேண்டாம். நெரிசலில் நிற்கும் கர்ப்பிணிக்கோ கைக்குழந்தைக்கோ தொற்றினால் ஆபத்து. காயாவிட்டால் பாற்செம்பை அடுத்த வைகாசிக்கு எடுங்கள்.