பக்கத்து நட்சத்திரத்துல இன்னொரு பூமி இருந்தா போட்டோ எடுக்க முடியுமா? கேள்வி பதில்

நட்சத்திரத்தோட வெளிச்சத்தை மறைச்சு எடுத்த படங்கள்ல கோள் ஏதாவது இருக்கான்னு தேடுறதுதான் என் வேலை, வருஷக்கணக்கா இதுலயே கிடக்கேன். வந்த கேள்விகளுக்கு தெரிஞ்சவரைக்கும் சொல்றேன்.

இரவுவானம்: அண்ணா, கோடிக்கணக்கான ஒளியாண்டு தள்ளி இருக்குற கேலக்ஸியை எல்லாம் படம் எடுக்குறாங்க, 4 ஒளியாண்டுல இருக்குற கோளை எடுக்க முடியலையா? நம்புற மாதிரி இல்லையே.

நியாயமான கேள்விங்க. கோள் மங்கலா இருக்குறது ரெண்டாவது பிரச்சனைதான், முதல் பிரச்சனை பக்கத்துலயே இருக்குற நட்சத்திரம். கண்ணுக்கு தெரியுற ஒளியில பாத்தா பூமியை விட சூரியன் சுமார் 1000 கோடி மடங்கு பிரகாசம், அதுவும் 33 ஒளியாண்டு தள்ளி நின்னு பாத்தா ரெண்டுக்கும் நடுவுல தெரியுற இடைவெளி ஒரு டிகிரியை 36,000 பங்கா போட்டா அதுல ஒரு பங்குதான். கேலக்ஸி பக்கத்துல இப்படி கண்ணு கூச வைக்கிற ஆள் யாரும் இல்ல. அகச்சிவப்புல பாத்தா பூமி தானே வெப்பத்தை வெளிய விடுறதால வித்தியாசம் 1 கோடி மடங்கு அளவுக்கு இறங்கிடும், அதனாலதான் அந்தப் பக்கமும் நிறைய பேர் முயற்சி பண்றாங்க.

கதிர்_92: அப்ப அந்த வெளிச்சத்தை எப்படி சார் மறைக்கிறீங்க?

வெயில்ல மேல போற விமானத்தை பாக்க சூரியன கையால மறைச்சுக்குவோம்ல, அதேதான். கிரகணம் இல்லாத நாள்லயும் சூரியனோட கொரோனாவை, அதாவது அதைச் சுத்தி இருக்குற மங்கலான வெளி வளிமண்டலத்தை, பாக்கணும்னு பிரெஞ்சுக்காரர் பெர்னார்ட் லியோ 1930கள்ல செஞ்ச கொரோனாகிராஃப்ங்கற மறைக்கிற கருவிதான் இதுக்கெல்லாம் ஆரம்பம். ஆனா மறைச்சதும் வேலை முடிஞ்சிடாது, தொலைநோக்கி கண்ணாடியில இருக்குற ரொம்ப ரொம்ப சின்ன மேடு பள்ளத்தால சிதறுற வெளிச்சம் படம் முழுக்க புள்ளி புள்ளியா நிக்கும், ஒவ்வொண்ணும் பாக்க அச்சு அசல் கோள் மாதிரியே இருக்கும். வளையுற கண்ணாடி வச்சு அதுல பாதியை அடக்குவாங்க, மிச்சத்துக்கு தொலைநோக்கியையே கொஞ்சம் திருப்பி மறுபடி எடுப்பாங்க. கருவியால வந்த புள்ளி கருவியோடயே திரும்பும், நிஜ கோள் வானத்துல இருந்த இடத்துலயே நிக்கும். இந்த ஒரு தந்திரம் இல்லேன்னா எங்க துறையே இல்லைங்க.

நிலாமுகில்: இதுவரைக்கும் எதையாவது எடுத்திருக்காங்களா?

எடுத்திருக்காங்க. 2004ல ஒரு பழுப்பு குள்ளனுக்கு (நட்சத்திரமா ஆக எடை பத்தாம போனது) பக்கத்துல ஒண்ணு, 2008ல எச்ஆர் 8799ங்கற நட்சத்திரத்தைச் சுத்தி ஒரே குடும்பமா மூணு, அப்புறம் அங்கேயே நாலாவது. எல்லாமே வியாழனை விட பெருசு, பிறந்த சூடு இன்னும் ஆறாதது. 2024ல 12 ஒளியாண்டு தூரத்துல எப்சிலான் இண்டிங்கற நட்சத்திரம் பக்கத்துல வயசான, குளிர்ந்த ஒரு பெரிய கோளை ஜேம்ஸ் வெப் விண்வெளி தொலைநோக்கி படம் பிடிச்சுது, எனக்கு அதுதான் பெரிய சந்தோஷம். பூமி சைஸ்ல இன்னும் ஒண்ணு கூட இல்ல.

செல்வி_ஆர்: பக்கத்து நட்சத்திரமான ஆல்ஃபா சென்டாரில கோள் கண்டுபிடிச்சாச்சுன்னு செய்தி வந்துச்சே அண்ணா?

"கண்டுபிடிச்சாச்சு"ன்னு போட்டதுதான் தப்பும்மா. 2024 ஆகஸ்ட்ல ஜேம்ஸ் வெப் எடுத்த படத்துல ஆல்ஃபா சென்டாரி ஏ பக்கத்துல ஒரு புள்ளி தெரிஞ்சுது, 2025 பிப்ரவரியிலயும் ஏப்ரல்லயும் திரும்ப பாத்தப்ப காணோம். சுத்தி வர்றப்ப நட்சத்திரத்துக்கு ரொம்ப கிட்ட போயிருக்கலாம்ங்கறது ஒரு விளக்கம், கணக்கும் அதுக்கு இடம் குடுக்குது. நிஜமாவே இருந்தாலும் அது சனி அளவு எடையுள்ள வாயுக் கோளா இருக்கும், நிக்கறதுக்கு தரையே இருக்காது. ஃபோமல்ஹாட்ங்கற நட்சத்திரம் பக்கத்துல தெரிஞ்ச ஃபோமல்ஹாட் பி-யை 2008ல கோள்னு அறிவிச்சு கடைசியில அது கரைஞ்சு போற தூசி மேகம்னுதான் முடிவாச்சு, அதனால ரெண்டாவது தடவை தெரியுற வரைக்கும் நான் எதையும் கோள்னு சொல்ல மாட்டேன்.

ஆதவன்: ப்ராக்ஸிமா பி-யை ஜேம்ஸ் வெப் வச்சு எடுக்கலாமே?

முடியாதுங்க. நமக்கு ரொம்ப பக்கத்து நட்சத்திரமான ப்ராக்ஸிமாவோட கோள் அது, 11 நாள்ல ஒரு சுத்து சுத்துற அளவுக்கு நட்சத்திரத்தை ஒட்டிக்கிட்டு இருக்கு, 6.5 மீட்டர் கண்ணாடிக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும். சிலியில கட்டிக்கிட்டு இருக்குற 39 மீட்டர் தொலைநோக்கி வரட்டும், அதுக்கு பிரிச்சுப் பாக்குற திறமை இருக்கு.

தேடல்: எல்லாம் பண்ணி கிடைக்கிறது ஒரே ஒரு புள்ளி. அதை வச்சு என்னண்ணே பண்றது?

அந்த ஒரு புள்ளிக்காகத்தான் இவ்வளவும்! நிமிஷத்துக்கு சில ஃபோட்டான் (ஒளித்துகள்) வந்தாலும் சேத்து வச்சு நிறம் நிறமா பிரிச்சா தண்ணி ஆவி, ஆக்சிஜன், மீத்தேன் எல்லாம் அதனதன் இடத்துல கோடு போட்டு காட்டிக் குடுத்துடும். வெளிச்சம் கூடிக் குறையுறதை வச்சு அங்க ஒரு நாள் எவ்வளவு நேரம்னு கூட சொல்லலாம். ஆக்சிஜன் மட்டும் தெரிஞ்சா அங்க உயிர் இருக்குன்னு நான் அவசரப்பட்டு சொல்ல மாட்டேன், புற ஊதா தண்ணியை உடைச்சு ஹைட்ரஜன் தப்பிச்சுப் போனாலும் ஆக்சிஜன் மிஞ்சும். ஆக்சிஜனும் மீத்தேனும் சேந்து இருந்தா கதை வேற, ரெண்டும் ஒண்ணை ஒண்ணு அழிச்சுக்கும், யாரோ தொடர்ந்து ரெண்டையும் நிரப்பிக்கிட்டே இருக்கணும். 2040கள்ல நாசா அனுப்ப நினைக்கிற ஹேபிடபிள் வேர்ல்ட்ஸ் அப்சர்வேட்டரி இப்படி சுமார் 25 கோள்களை அலசணும்னுதான் திட்டம், அதுக்கு கண்ணாடி ஒரு அணுவோட அகலத்துல பத்துல ஒரு பங்கு அளவுக்குக் கூட அசையக் கூடாது.

மழைத்துளி: கண்டம், கடல் எல்லாம் தெரியுற மாதிரி படம் எப்ப வரும்?

ப்ராக்ஸிமா தூரத்துல பூமி வெறும் புள்ளியா இல்லாம வட்டமா தெரியணும்னாலே கிட்டத்தட்ட 2 கிலோமீட்டர் அகலக் கண்ணாடி வேணும். சூரியனோட ஈர்ப்பையே லென்ஸா பயன்படுத்தலாம்னு ஒரு நல்ல யோசனை இருக்கு, ஆனா கேமரா பூமி-சூரியன் தூரத்தை விட 550 மடங்கு தள்ளிப் போய் நிக்கணும், 1977ல கிளம்பின வாயேஜர் 1 விண்கலம் இன்னும் அதுல மூணுல ஒரு பங்கைக் கூட தாண்டல.