இன்சுலின் 0-னு இருந்தா என்ன போட்டு நிரப்புறது?

கேள்வி: சார், ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு பைமா டயபடீஸ் டேட்டாசெட் எடுத்திருக்கேன், பெண்களோட டெஸ்ட் ரிசல்ட்டை வச்சு சுகர் இருக்கான்னு மாடல் சொல்லணும். மொத்தம் 768 பேர், அதுல 374 பேருக்கு இன்சுலின் 0-னு இருக்கு. அவங்களை தூக்கிட்டா பாதிதான் மிஞ்சுது. அதனால சுகர் இல்லாதவங்களுக்கு 102.5, சுகர் இருக்கறவங்களுக்கு 169.5-னு தனித்தனி மீடியன் (நடு மதிப்பு) போட்டு நிரப்பினேன், நெட்ல ஒரு நோட்புக்ல அப்படித்தான் பார்த்தேன். அக்யூரசி சட்டுனு ஏறிடுச்சு. கைடுகிட்ட காட்டலாமா?

பதில்: வேணாம்மா, இப்போதைக்கு காட்டாத. 0-ங்கறது டெஸ்ட் எடுக்காததுன்னு நீ கண்டுபிடிச்சது ரொம்ப சரி, நிறைய பேர் அதையே கவனிக்காம விட்டுடறாங்க, ஏன்னா மிஸ்ஸிங் எத்தனைன்னு பாண்டாஸ்கிட்ட (பைத்தான்ல டேட்டாவை கையாளற லைப்ரரி) கேட்டா ஒண்ணுமே இல்லன்னுதான் சொல்லும். ஆனா நிரப்பின விதம் தப்பு. யாருக்கு சுகர் இருக்குன்னுதான் மாடல் கண்டுபிடிக்கணும், நீ அந்த விடையைப் பார்த்துதான் நம்பரே போட்டிருக்க. இன்சுலின் 169.5-னு இருந்தா சுகர்னு டெசிஷன் ட்ரீ (கேள்வி கேட்டுக் கேட்டுப் பிரிக்கற மாடல்) ஒரே வெட்டுல புடிச்சுக்கும், அக்யூரசி அதனாலதான் ஏறுது. நாளைக்கு இன்சுலின் டெஸ்ட் எடுக்காத ஒரு அம்மா வந்தா 102.5 போடுவியா, 169.5 போடுவியா? அவங்களுக்கு சுகர் இருக்கான்னு தெரியாமத்தானே மாடல்கிட்டயே போற!

அதனால முதல்ல அந்த 0 எல்லாத்தையும் என்ஏஎன் (NaN, மதிப்பே இல்லைங்கற குறி) ஆக்கு. அப்புறம் டேட்டாவை ட்ரெயின் (மாடல் கத்துக்கற பகுதி), டெஸ்ட் (மாடலை சோதிக்கற பகுதி)னு பிரி, ட்ரெயின்ல இருந்து மட்டும் ஒரே மீடியன் எடுத்து ரெண்டு பக்கமும் போடு, க்ராஸ் வேலிடேஷன் (டேட்டாவை பல துண்டாக்கி மாத்தி மாத்தி சோதிக்கறது) பண்ணா ஒவ்வொரு ஃபோல்டுக்கும், அதாவது ஒவ்வொரு சுற்றுக்கும், திரும்ப எடுக்கணும், நிரப்பறதையும் மாடலையும் ஒண்ணா கோர்த்து பைப்லைன்ல வச்சுட்டா அதுவே பாத்துக்கும். பாதிப் பேருக்கு ஒரே நம்பர் விழுறதால இன்சுலினோட பலம் கொஞ்சம் மழுங்கும்தான், அதுக்கு பக்கத்துலயே டெஸ்ட் எடுத்தாங்களா இல்லையான்னு 0, 1 போட்டு இன்னொரு ஃபீச்சர் (காலம்) சேத்துக்கோ. டெஸ்ட் எடுக்காததுக்கே ஒரு காரணம் இருக்கலாம், மாடலுக்கு அதுவும் ஒரு தகவல். இல்லன்னா எக்ஸ்ஜிபூஸ்ட் (நிறைய ட்ரீ சேர்ந்த மாடல்) போடு, நிரப்பவே வேணாம், காலியா இருக்கறவங்களை எந்தப் பக்கம் அனுப்பணும்னு ட்ரீயோட ஒவ்வொரு ஸ்ப்ளிட்லயும் (வெட்டுலயும்) அதுவே கத்துக்கும்.

அக்யூரசி இறங்கும், பயப்படாத, அந்த நம்பரைத்தான் கைடுகிட்ட காட்டணும்.

இன்னொண்ணு. பிபி 35 பேருக்கு, பிஎம்ஐ 11 பேருக்கு, குளுக்கோஸ் 5 பேருக்கு 0-னு இருக்கும், தோல் தடிமன்ல 227 பேருக்கு. உயிரோட இருக்கற மனுஷிக்கு பிபி 0 வராது, அதனால அதெல்லாமும் என்ஏஎன்தான். கர்ப்பம் எத்தனைங்கற ஃபீச்சர்ல வர்ற 0-வ மட்டும் தொட்டுடாத, அது நிஜமான 0.