முன்வாசல் சாலைக்குப் போகிறது: வழக்கா, இழப்பீடா?

கேள்வி: கடற்கரைப் பக்கம், விரைவுச்சாலையை ஒட்டி எங்கள் தரைவீடு இருக்கிறது. சாலையை அகலப்படுத்தி, சந்திப்பையும் மாற்றியமைக்கப் போகிறார்களாம். அதற்காக முன்பக்க நிலத்தில் ஒரு துண்டு எடுக்கப்படும் என்று கடிதம் வந்திருக்கிறது. வாசல் கேட்டும் கார் நிறுத்துமிடமும் போய்விடும். வழக்குப் போடலாம் என்கிறார்கள் பக்கத்து வீட்டார். போடலாமா?

பதில்: ஐயா, திட்டத்தையே நிறுத்த வழக்குப் போடுவதென்றால், வேண்டாம். சிங்கப்பூரின் நிலக் கையகப்படுத்தல் சட்டத்தின் 5ஆம் பிரிவின்கீழ் அரசிதழில் அறிவிப்பு வந்துவிட்டால், நிலம் பொதுக் காரியத்துக்குத் தேவை என்பதற்கு அதுவே முடிவான சான்று. பார்ட்லி எம்ஆர்டி ரயில் நிலையம் அருகே ஜின் லோங் சி கோயில் நிலம் எடுக்கப்பட்டபோது பக்தர்கள் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தார்கள். 2009இல் தோற்றார்கள்.

நீங்கள் போராட வேண்டியது தொகைக்காக. 2007இல் சட்டம் திருத்தப்பட்டதிலிருந்து சந்தை விலைதான் அடிப்படை. அதற்கு முன் பழைய தேதி ஒன்றின் விலையைக் கொடுத்து முடித்துவிட முடிந்தது. பலர் அதில் நொந்துபோனார்கள்.

ஆனால், போகும் துண்டுக்கு மட்டும் சதுர மீட்டர் கணக்குப் போட்டு அதோடு நின்றுவிடாதீர்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான். மிஞ்சும் வீட்டின் மதிப்பு எவ்வளவு குறைகிறது என்பதும் இழப்பீட்டில் சேரும். கார் உள்ளே வர இனி வழி உண்டா? சாலை படுக்கையறை சன்னலுக்கு எவ்வளவு கிட்டே வருகிறது? இவற்றையெல்லாம் சொத்து மதிப்பீட்டாளர் ஒருவரை வைத்து, நிலம் எடுக்கும் முன்னும் பின்னும் என்று மதிப்புப் போட்டு வாங்குங்கள். புதுச் சுவர், புதுக் கேட் செலவுக்குக் கட்டட ஒப்பந்தக்காரரிடம் விலைப்புள்ளி கேட்டு வையுங்கள். இப்போதே படமும் எடுத்துவிடுங்கள். அப்பா கட்டிய வீடு, விட மனமில்லை என்பதற்கு மட்டும் சட்டம் ஒரு வெள்ளிகூடத் தராது. எனக்கும் அது வருத்தம்தான்.

இதையெல்லாம், இழப்பீட்டை முடிவு செய்யும் அதிகாரியான கலெக்டர் நடத்தும் விசாரணையில் எழுத்தில் கொடுங்கள். அங்கே கேட்காமல் விட்டதைப் பிறகு பெறுவது கடினம். தொகை போதாது என்றால் மேல்முறையீட்டு வாரியம் இருக்கிறது. அறிவிப்பில் உள்ள கெடுவைத் தவறவிடாதீர்கள். வாடகைக்கு யாராவது இருந்தால் அவர்களிடமும் சொல்லுங்கள், அவர்களுக்கும் கேட்கும் உரிமை இருக்கலாம். நிலம் எதுவும் எடுக்கப்படாத பக்கத்து வீட்டார், சத்தத்துக்காக இந்தச் சட்டத்தில் எதுவும் கேட்க முடியாது.

சரி, இன்றே செய்ய வேண்டியது ஒன்று. கடிதத்தோடு வந்த வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். எல்லைக் கோடு போர்ச் தூணுக்கு முன்னால் நிற்கிறதா, வீட்டுக் கட்டடத்தையே வெட்டுகிறதா? வெட்டினால், முழு வீட்டையும் எடுத்துக்கொள்ளக் கேட்கலாமா என்பதையும் வழக்கறிஞரோடு உட்கார்ந்து பேச வேண்டும்.