“நாம என்ன கூட்டம்?” என்று பிள்ளை கேட்டால்

பிள்ளைகளும் சபையும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகன் நான்காம் வகுப்பு. பள்ளியில் பையன்கள் ஒருவரையொருவர் “நீங்க என்ன கூட்டம்?” என்று கேட்டுக்கொண்டார்களாம். நம் கொங்குப் பக்கம் கூட்டம் என்றால் குலம்; ஒருவன் காடை, ஒருவன் ஆந்தை, ஒருவன் தூரன். இவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து, “நாம யாருங்கம்மா?” என்றான். “நாம தேவனுடைய பிள்ளைங்க சாமி” என்றேன். “அதில்லீங்கம்மா, நெசமா நாம யாரு?” என்கிறான். என் மாமனார், மாமியார் இன்னும் குலதெய்வம் கோயிலுக்குப் போகிறவர்கள். என்ன சொல்லட்டும்?
- ஒரு தாய், பெருந்துறை

பதில்: அன்புச் சகோதரி, நீங்கள் சொன்ன பதில் சரிதான். ஆனால் அதில் அவனுக்கு ஒரு முகமும் தெரியவில்லை. காடை என்று சொன்ன பையனுக்கு அந்தப் பெயரோடு பங்காளி வீடுகள், கோயில், நோம்பி என்கிற திருவிழா நாள் எல்லாம் சேர்ந்து வருகின்றன. காங்கேயத்தில் முன்பின் தெரியாத ஒருவர் அதே கூட்டம் என்றால் அவர் அண்ணன் தம்பி முறை; அவர்களுக்குள் பெண் கொடுத்து எடுப்பதில்லை. உங்கள் மகனிடம் இருப்பது ஒரே ஒரு வாக்கியம். அந்த வாக்கியத்துக்குள் ஆட்களைக் கொண்டுவாருங்கள்.

முதலில் பீரோவில் இருக்கும் அவனுடைய ஞானஸ்நானச் சான்றிதழை எடுங்கள். தேதியை அவனையே வாசிக்கச் சொல்லுங்கள். அன்றைக்கு ஆயர் அவன் பெயரைச் சொல்லித்தான் தண்ணீர் தெளித்திருப்பார். ஞானப் பெற்றோராக நின்றவர்கள் யார் என்று காட்டி, அவர்கள் வீட்டுக்கு ஒரு நாள் கூட்டிப்போங்கள். வெளியூரில் இருந்தால் போன் போட்டுக் கொடுங்கள். “உன்னைப் பேர்சொல்லி அழைத்தேன், நீ என்னுடையவன்” என்று ஏசாயா 43-ல் இருப்பதை அதற்கப்புறம் சொல்லிக் கொடுத்தால் அவனுக்கு ஒட்டும்.

அடுத்தது மத்தேயு முதல் அதிகாரம். வெறும் பெயர்ப் பட்டியல் என்று பெரியவர்கள் தாண்டிவிடுகிறோம். கூட்டம், வம்சம் என்று கேட்டு வளர்கிற நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது. இயேசுவின் வம்சத்தில் எரிகோ பட்டணத்து ராகாப் இருக்கிறாள், மோவாப் தேசத்து ரூத் இருக்கிறாள். இரண்டு பேருமே இஸ்ரவேலில் பிறந்தவர்கள் அல்ல. புருஷன் இறந்த பிறகும் மாமியாரை விட்டுப் பிரியாமல் பெத்லகேமுக்கு வந்த ரூத், தாவீது ராஜாவுக்குப் பாட்டனைப் பெற்றவளானாள். இதைக் கதையாகச் சொல்லிவிட்டு, “இந்த வீட்டுக்குள்ள வர இங்கேயே பொறந்திருக்கணும்னு இல்ல கண்ணு” என்று சொல்லுங்கள்.

அப்புறம் உங்கள் வீட்டுக் கதை. கோவையில் லண்டன் மிஷன் என்ற ஊழியச் சங்கம் வேலை தொடங்கியது 1830-ல். கரூர், தாராபுரம் பக்கம் வெஸ்லியன் மிஷன் என்ற மெதடிஸ்ட் ஊழியச் சங்கம் இருந்தது. 1947-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது இவை ஒரே சபையாகின. இந்த நீண்ட வரிசையில் உங்கள் குடும்பம் எப்போது, யார் மூலமாக வந்து சேர்ந்தது? அது நேற்று நடந்ததாக இருந்தாலும் சொல்லுங்கள்.

அவன் தாத்தா பாட்டியான அப்பாரையும் ஆத்தாவையும் வெளியாட்கள் என்று மட்டும் அவன் மனதில் பதிய விடாதீர்கள். அவன்மேல் உயிரையே வைத்திருப்பவர்கள் அவர்கள். நோம்பிக்குப் போகட்டும், ஒரம்பரை, அதாவது சொந்தக்காரப் பிள்ளைகளோடு விளையாடட்டும். வழிபாட்டில் எதில் சேருவது, எதில் சேராமல் நிற்பது என்பதை நீங்களும் கணவரும் முன்கூட்டியே பேசி முடிவெடுங்கள். அங்கே போய்ப் பிள்ளை முன்னால் வாக்குவாதம் வேண்டாம்.

இனி ஒரு கசப்பான விஷயம். இதைச் சொல்லாமல் என்னால் இந்தப் பதிலை முடிக்க முடியாது. யூதனென்றும் கிரேக்கனென்றும் இல்லை என்று கலாத்தியர் நிருபத்தை வாசிக்கிறோம். ஆனால் வரன் பார்க்கும்போது நம் சபையாரே முதலில் கேட்பது சாதியைத்தான். தமிழ்நாட்டில் சில ஊர்களில் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்திலேயே சாதிவாரியாக இடம் பிரித்திருக்கிறார்கள். ஆராதனை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில், “அவங்க எந்த ஆளுங்க தெரியுமா?” என்று நாம் தாழ்ந்த குரலில் பேசுவதைப் பின்சீட்டில் இருக்கும் பிள்ளை கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. அந்தப் பேச்சுக்கு அப்புறம் எத்தனை வசனம் சொல்லிக் கொடுத்தாலும் அது நம்பாது. உங்கள் மகனோடு ஓய்வுநாள் பள்ளியில் (சண்டே ஸ்கூல்) படிக்கிற பிள்ளைகளில், நீங்கள் இதுவரை உங்கள் வீட்டுக்குக் கூப்பிடாத ஒரு பிள்ளையின் குடும்பம் இருக்கும். அவர்களைச் சாப்பிடக் கூப்பிடுங்கள். ஒரே பந்தியில் உட்காருங்கள், பிறகு நீங்களும் அவர்கள் வீட்டில் போய்ச் சாப்பிடுங்கள். ‘நெசமா நாம யாரு’ என்று கேட்டவனுக்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியாது.

கேள்வி: என் மகளுக்குப் பதினொரு வயது. அவள் அப்பா குடித்துவிட்டு எங்கள் இருவரையும் அடிப்பார். இப்போது நாங்கள் தனியாக இருக்கிறோம். நான் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறேன். ஓய்வுநாள் பள்ளியில் “தேவன் நம்ம அப்பா” என்று டீச்சர் சொன்னதும் எழுந்து வெளியே வந்துவிட்டாள். “அப்பான்னா எனக்கு வேண்டாம்” என்கிறாள்.
- பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: அவளைத் திட்டாதீர்கள் அம்மா, அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. அப்பா என்று கூப்பிடச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் வேண்டாம். “ஒருவனை அவன் தாய் தேற்றுவதுபோல் நான் உங்களைத் தேற்றுவேன்” என்று ஏசாயா 66-ல் ஆண்டவரே சொல்கிறார். குஞ்சுகளைச் சிறகின்கீழ் சேர்க்கிற கோழியாகத் தம்மைச் சொன்னவர் இயேசு. இப்போதைக்கு அவள் அங்கிருந்து தொடங்கட்டும்.

யோசேப்பின் கதையையும் மெதுவாகச் சொல்லலாம். தான் பெறாத பிள்ளைக்குப் பெயர் வைத்து, ஏரோது தேடியபோது ராத்திரியோடு ராத்திரியாக எகிப்துக்குக் கூட்டிப்போய்க் காப்பாற்றிய மனிதர் அவர். அப்படியும் அப்பாக்கள் உண்டு என்று அவள் தெரிந்துகொள்ளட்டும். அந்த டீச்சரிடம் நிலைமையைத் தனியாகச் சொல்லிவையுங்கள். பிள்ளைகள் முன்னால் வேண்டாம்.

இன்னொன்று. சபையில் யாராவது வந்து “பொறுத்துப் போ, அதுதான் தேவ சித்தம்” என்றால் கேட்காதீர்கள். அடிப்பது தேவ சித்தம் அல்ல. உங்கள் கணவர் மறுபடி வந்து கையை நீட்டினால் பிள்ளைக்காக 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் உங்களுக்காக 181 என்ற பெண்கள் உதவி எண்ணையும் அழையுங்கள்.

கேள்வி: மனப்பாட வசனத்துக்குப் பரிசு கொடுக்கிறோம். ‘நான் தேவனுடைய வீட்டைச் சேர்ந்தவன்’ என்ற எண்ணம் பிள்ளைகளுக்கு வர அது போதுமா?
- ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர், தாராபுரம்

பதில்: வசனம் கட்டாயம் வேண்டும். பரிசும் கொடுங்கள், ஆனால் திக்கித் திக்கிச் சொல்கிற பிள்ளையை வெறுங்கையோடு அனுப்பாதீர்கள். கூடவே வேலையும் கொடுங்கள்: காணிக்கைப் பை எடுக்க, வேதபாடம் வாசிக்க, அறுப்பின் பண்டிகையில் காணிக்கையாக ஏலத்துக்கு வந்த மஞ்சளையும் தேங்காயையும் அடுக்க. கோபியில் என் வகுப்பில் யாரோடும் பேசாத ஒரு பையன், காணிக்கைப் பை எடுக்க ஆரம்பித்த பிறகுதான் “எங்க சர்ச்” என்று சொல்லக் கேட்டேன். அப்புறம், இரண்டு வாரம் தொடர்ந்து வராத பிள்ளையின் வீட்டுக்குச் சனிக்கிழமை சாயங்காலம் நீங்களே போய் விசாரித்துவிட்டு வாருங்கள்.